பெரிய பல்லி

"பெரிய பல்லின்னு வச்சுக்க" என்றாள் சத்யப்ரியா.

டைனோசரைப் பற்றி அதற்கு மேல் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. விடியக்காலையிலிருந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் நின்ற கால்கள், ஒத்தக்கடை வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டிருப்பதுபோலவே வலித்தன.

ஆனால் திங்கட்கிழமை மகள் தமிழ்வாணி வகுப்பில் எழுந்து டைனோசர் பற்றிப் பேச வேண்டுமாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எதற்கு இந்த வம்பு என்று டீச்சரிடம் யார் போய்க் கேட்பது?

பஸ்ஸில் வரும்போது போனில் பார்த்து மனதில் ஏற்றியதை ஒப்பித்தாள். ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்தது. கழுத்து மட்டுமே தென்னைமர உயரம். இப்போது ஒன்றுகூட மிச்சமில்லை.

நான்கு வயதுத் தம்பி காளை தரையில் குப்புறப் படுத்து, அக்கா அட்டையில் வரைந்த டைனோசருக்குப் பச்சை தீட்டிக்கொண்டிருந்தான். பாதிப் பச்சை தரைக்குப் போயிருந்தது.

போன் கூப்பிட்டது. அவளுடைய அண்ணன் பேயாண்டி. காலையிலிருந்து மூன்றாவது தடவை.

"நாளைக்கு மாப்ளையக் கூட்டிட்டு வாரேன். புள்ளைக மொகத்துக்காகவாவது சரின்னு ஒரு வார்த்தை சொல்லு தாயி."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

யோசிக்க என்ன இருக்கிறது? புருஷன் சண்டை போட்டு வீட்டை விட்டுப் போய் நாற்பது நாளாகிறது. ஒற்றை ஆளாக இழுத்து இழுத்து அலுத்துவிட்டது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், பிள்ளை ஏங்குவதைத்தான் பார்க்க முடியவில்லை.

விளக்கு வைத்ததும் தமிழ்வாணி டியூப்லைட்டுக்குக் கீழே போய் நிற்பாள். அங்கிருக்கும் பல்லியைப் பார்த்து 'அப்பா' என்று தொடங்கி ஏதோ முணுமுணுப்பாள். பல்லி சொன்னால் பலிக்கும், சத்தம் கேட்டதும் விரலால் தரையைத் தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே சத்யப்ரியாதான். அந்தப் பல்லியோ மற்ற நேரமெல்லாம் கத்தும். பிள்ளை போய் நின்றால் மட்டும் வாயைத் திறக்காது.

"அம்மா, இம்புட்டுப் பெரிய பல்லி சொன்னா கண்டிப்பா பலிக்கும்ல?"

சத்யப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் சிரித்து வெகுநாளாயிற்று. பலிக்கும் என்றாள்.

அட்டையைச் சுவரில் ஒட்டித் தரச் சொன்னாள் தமிழ்வாணி. புருஷன் முறுக்கிவிட்டுப் போன சத்யப்ரியாவின் இடது கை இன்னும் தோளுக்கு மேலே எழும்பவில்லை. டேப்பைப் பல்லால் கடித்து, வலது கையாலேயே ஒட்டிவிட்டு உட்கார்ந்தாள். போனை எடுத்து 'சரிண்ணே' என்று அடித்தாள். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

தமிழ்வாணி டைனோசருக்கு எதிரில் போய் நின்றாள். தம்பியையும் இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். கண்ணை மூடி, இந்தத் தடவை முணுமுணுக்காமல் சொன்னாள்.

"அப்பா வரவே கூடாது."

நாற்பது நாளாகச் சத்யப்ரியாவின் காதில் விழுந்தது முதல் வார்த்தை மட்டும்தான்.

டைனோசர் சும்மா இருந்தது. பிள்ளைகள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு காளை, டைனோசருக்காக, நாக்கை மடித்து 'த்ச் த்ச் த்ச்' என்றான்.

போனின் மேல் நின்றிருந்த சத்யப்ரியாவின் விரல் இறங்கி வந்து, தரையை மூன்று தடவை தட்டியது.