ஜன்னலோரக் கட்டில்

மறதி முற்றிய அப்பாவைச் சேர்க்க இந்த வாரத்தில் மகள் பார்க்கும் நான்காவது முதியோர் இல்லம் இது. கால் கடுக்கிறது. எல்லா இடத்திலும் இதே பினாயில் வாசம், இதே வெளிர்பச்சைத் திரைச்சீலை, பொறுப்பாளர் அம்மாளின் முகத்தில் இதே தேய்ந்த சிரிப்பு. தாளில் இருபது கேள்விகள் எழுதி வந்திருக்கிறாள். ஏழாவதிலேயே நாக்கு வறண்டுவிட்டது. கூடவே வந்த அப்பாதான் ஓயவில்லை. நாற்பது வருடம் கொத்தனாராக உழைத்தவர், விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் காது கொடுக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குளியலறைத் தரையைப் பாதத்தால் தேய்த்துப் பார்க்கிறார். "வழுக்குதேம்மா, ஒரு கைப்பிடி வைக்க வேணாமா?" என்று அதட்டுகிறார். மெத்தையை அமுக்குகிறார். ஜன்னல் கொக்கியை மூன்று தடவை போட்டுக் கழற்றுகிறார். மாலை வெயில் அவருடைய நரைத்த புருவத்தில் விழுகிறது.

"ராத்திரி கூப்பிட்டா ஆள் வருமா?"

"உடனே வருவாங்க ஐயா."

"உடனேன்னா எவ்வளவு நேரம்?"

பொறுப்பாளர் மகளைப் பார்க்கிறார். தாளில் அந்தக் கேள்வி இல்லை. அப்பா குரலைத் தாழ்த்துகிறார். "விளக்கை மட்டும் அணைச்சுடாதீங்க. இருட்டுன்னா பயப்படுவா."

"யாருங்க ஐயா?"

"எம்பொண்ணுதான். விடுதியில தங்கிப் படிக்கப்போறா. வீட்டை விட்டு இருந்ததே இல்ல."

ஐம்பது வயது மகள் தாளை நான்காக மடிக்கிறாள். அப்பா அவளை ஜன்னலோரக் கட்டிலில் உட்காரவைத்து, சிமெண்டு தின்ற உள்ளங்கையால் தலையைத் தடவுகிறார்.

"பத்து நாள் இருந்து பாரு கண்ணு. பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லு, அப்பா அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."