பச்சையே எழுதிக் கொடுங்க

"பச்சை கிவியே போதும்னு எழுதிக் கொடுங்க மேடம்."

லிஃப்ட் மெக்கானிக் இப்படிச் சொன்னதும் டயட்டீஷியனுக்குச் சுருக்கென்றது.

ஆபரேஷன் முடிந்து, ரத்தம் குறைந்து, வெளுத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவருடைய மனைவி. மாத்திரையோடு தினமும் ஒரு கிவிப் பழம் சாப்பிடட்டும் என்று டயட்டீஷியன் சொல்லி வாயை மூடவில்லை, அதற்குள் மனுஷன் விலை குறைந்த பச்சையைக் கேட்டுச் சிக்கனக் கணக்கை ஆரம்பித்துவிட்டார்.

பொறுமையாகவே எடுத்துச் சொன்னார் டயட்டீஷியன். பச்சையும் நல்லதுதான். ஆனால் உள்ளே மஞ்சளாக இருக்கிற கோல்டன் கிவியில் வைட்டமின் சி கூடுதல். ஆன்டிஆக்ஸிடன்ட்டும் பொதுவாக அதில்தான் ஒரு படி தூக்கல். சிவப்புக் கிவி என்றுகூட ஒன்று இருக்கிறது, கடைக்குத்தான் எப்போதாவது வரும்.

கேட்கக் கேட்க மனைவியின் முகம் மலர்ந்தது. கோல்டன் கிவியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா, பரீட்சைக்குப் படிக்கிறவனுக்குத் தெம்பு தருமா, இவரை மாதிரி ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு ஏற்றதா என்று ஆசை ஆசையாக விசாரித்தாள்.

மெக்கானிக் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பச்சைன்னே எழுதுங்க மேடம்."

சரியான கஞ்சன் என்று மனதுக்குள் முத்திரை குத்தினார் டயட்டீஷியன். நர்ஸ் வந்து மனைவியை எடை பார்க்கக் கூட்டிப்போனதும், அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"ஏன் சார், பொண்டாட்டி பிழைச்சு வந்திருக்காங்க. ஒரு நல்ல பழம் வாங்கித் தர உங்களுக்கு மனசு வரலையா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார். குரல் தானாக இறங்கியது.

"போன வாரமே கோல்டன் ஒரு பெட்டி வாங்கினேன் மேடம். பெரியவனுக்குக் கொஞ்சம், சின்னவளுக்குக் கொஞ்சம், மிச்சம் என் டிபன் டப்பால. இவ வாய்க்குப் போனது, நறுக்கின கத்தியில ஒட்டியிருந்தது மட்டும்தான்."



மெக்கானிக் சிரித்தார்.

"பச்சைன்னா புளிக்கும் மேடம். நாங்க மூணு பேரும் தொட மாட்டோம். வேற வழியில்லாம முழுசையும் அவளே சாப்பிட்டுடுவா."