கணவரின் காணிக்கை

"இந்த மாசமும் அவங்களுக்குத்தான் முதல் பங்கா?"

அவள் கேட்டபோது கணவர் ஷூவைத் தேடிக்கொண்டிருந்தார். சம்பளம் என்று அவர் மேசைமேல் வைத்த நோட்டுகள் போன மாதத்தைவிட மெலிந்திருந்தன. மிச்சம் சமூகத்துக்குப் போய்விட்டதாம்.

பல நாடுகளில் கிளை பரப்பிய கிறிஸ்தவச் சமூகம் அது. உறுப்பினர்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை மனமுவந்து கவரில் போட்டுப் பொது நிதிக்குக் கொடுப்பார்கள். எவ்வளவு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. இந்த வீட்டில் அவர் மட்டும்தான் உறுப்பினர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே கொடுத்து வருகிறார். அவளும் அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

கொஞ்ச காலமாகத்தான் அந்தப் பங்கு வீங்கிக்கொண்டே போகிறது.

"ஒரு குடும்பம் ரொம்பக் கஷ்டத்துல இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார், குனிந்து ஷூவின் கயிற்றைக் கட்டியபடியே.

"நம்ம பொண்ணு ஒட்டுப்போட்ட மூக்குக்கண்ணாடியோட ஸ்கூலுக்குப் போறா. அது அந்தக் குடும்பத்துக்குத் தெரியுமா?"

அவர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

தையல் கடையில் அவளுக்கு வேலை ஓடவில்லை. மனம் கணக்குப் போட்டபடியே இருந்தது. முன்பெல்லாம் அவர் சட்டையில் மைக்கறை போகத் தேய்த்துத் தேய்த்தே அவள் கை ஓய்ந்துபோகும். இப்போது கறையே இல்லை. மேற்பார்வை வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று அவரே சொன்னார். அப்படியென்றால் சம்பளம் கூடத்தானே வேண்டும்? கூடியது அத்தனையும் முன்பின் தெரியாத யாருக்கோ போகிறதா? இவர் ஏமாளியா, இல்லை யாராவது இவரை மொட்டையடிக்கிறார்களா?

ஒரு பாவாடையின் ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு, பிரித்து, மறுபடியும் தலைகீழாகவே தைத்தாள். கடைக்கார அக்கா அதைக் கையிலிருந்து வாங்கி வைத்தாள். எங்கே போக வேண்டுமோ போய்விட்டு வா, துணியாவது பிழைக்கட்டும் என்றாள்.

சமூகத்தின் அலுவலகம் மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. படியேறப் போனவள், தெருமுனை வரை நடந்து திரும்பி வந்தாள். வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்கிறோமோ என்று உறுத்தியது. மகளின் கண்ணாடியை நினைத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

பொறுப்பாளர் அம்மா, ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவர், அவளை அடையாளம் கண்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். சுவரில் உலக வரைபடம். கிளை உள்ள ஊர்களிலெல்லாம் சிவப்பு ஊசி குத்தியிருந்தது. இத்தனை ஊர்களையும் என் அடுப்பிலிருந்துதான் காப்பாற்ற வேண்டுமா என்று அவளுக்குள் பொங்கியது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தால் கடுமையாகப் பேசவும் வாய் வரவில்லை.

"என் வீட்டுக்காரர் விஷயமா வந்தேன். மாசாமாசம் அந்தக் கவர் கைமாறுதே... இனிமே அது வேண்டாம். நிறுத்திடுங்க."

பொறுப்பாளர் அம்மா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். இரண்டு பேரும் பேசித்தான் முடிவு செய்தீர்களா என்று கேட்டார்.

பேசிப் பேசித் தொண்டை வற்றியதுதான் மிச்சம் என்று சொல்ல நினைத்தாள்.

"பேசியாச்சும்மா. அவருக்குச் சொல்லக் கூச்சம். அதான் நான் வந்தேன்" என்று துணிந்து ஒரு பொய் சொன்னாள்.

இனி வேதவசனம் வரும், தியாகத்தைப் பற்றிப் புத்திமதி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது.

ஆனால் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார், கண்கூடக் கலங்கிவிட்டது. இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அச்சகத்துல ஆள் குறைச்சதிலிருந்து நாங்க கொடுக்கிற கவரை வாங்கும்போதெல்லாம் உங்க வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தவே மாட்டார்மா" என்றார் பொறுப்பாளர் அம்மா. "சொல்லும்மா, எங்க வேலை கிடைச்சிருக்கு?"