உறைப்பில்லாத மீன்

“போறணை சூடேறீட்டுதோ, மாமி?” நோர்வேயிலிருந்து கைபேசித் திரையில் மருமகள் சிவதர்சினி கேட்டாள்.

“ஓம், பிள்ளை. பக்கத்து வீட்டில கேக் சுடுற போறணை. நீ சொன்ன சமன் மீன் இஞ்ச ரின்னில அடைச்சதுதான் கிடைக்கும். விளைமீன் வாங்கினனான்.”

கண்டாவளைக் குசினியில் நின்ற நேசமலர் மிளகாய்த்தூள் போத்தலை எடுத்தாள்.

“ஐயோ, அது வேண்டாம். அவருக்கு உறைப்பு ஒத்துவராது. பட்டரை உருக்கி, உள்ளியும் தேசிக்காய்ப்புளியும் சேர்த்து மேலால ஊத்துங்கோ. வேலையால வந்தால் இதுதான் கேப்பார்.”

“உறைப்பில்லாட்டிச் சோத்துக் கோப்பையைத் தள்ளிவிடுறவன்.”

நேசமலர் போத்தலைத் திரும்ப வைத்தாள். பதினாறு வயதில் வெளிநாடு போன மகன் செந்தூரனை, அவள் பதினெட்டு வருடமாக நேரில் கண்டதில்லை.

மீன் வெந்தது.

“உப்புக் காணுமோ எண்டு பாருங்கோ, மாமி.”

“நான் வாயில வைக்கக்கூடாது. முதல் அவன்தான்.”

வாழையிலையில் மீனை வைத்தாள். பக்கத்தில், மிளகாய் அள்ளிப் போட்டுக் காய்ச்சிய மீன்குழம்பையும் வைத்தாள்.

“அதை அவர் தொடவே மாட்டார், மாமி.”

நேசமலர் இலையைக் கொண்டுபோய், மாலை போட்ட செந்தூரனின் படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றினாள். அவன் இறந்து இன்று எட்டாம் நாள். படையலை அவன் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட வேண்டும்.

“உன்ர மனுசனா வாறானோ, என்ர பதினாறு வயசுப் பொடியனா வாறானோ, எனக்கென்ன தெரியும், பிள்ளை?” என்றபடி கதவைச் சாத்தினாள்.