வாசலைத் தாண்டிப் போனவர்

"கொடுத்து வெச்சவ நீ, லிங்சியாங். நம்ம யூ தாத்தாவே உன் புருஷனா வந்து பொறந்திருக்காருன்னு ஒலிபெருக்கியில சொல்றாங்களே, கேட்டியா?"

பக்கத்து வீட்டு தாவோ அக்கா நல்ல மனசோடுதான் சொன்னாள். லிங்சியாங்குக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

யாங்சி ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரில் ஆண்கள் எல்லாருக்கும் சியா என்றுதான் குடும்பப் பெயர். ஆதிகாலத்தில் பெருவெள்ளத்தை அடக்கி, சீன தேசத்தில் மனிதர்கள் குடியிருக்க வழி செய்த, சியா வம்சத்தின் முதல் மன்னர் யூவின் நேர் வாரிசுகள் தாங்கள்தான் என்று அவர்களுக்கு அப்படியொரு பெருமை. பதின்மூன்று வருஷம் வெள்ளத்தோடு மல்லுக்கட்டிய யூ, தன் வீட்டு வாசலை மூன்று முறை கடந்தும் உள்ளே போகவில்லையாம். உள்ளே கைக்குழந்தை வீறிட்டு அழுதபோதும் போகவில்லையாம். மெய்சிலிர்க்கச் சொல்லுவார்கள். அவர் பெண்டாட்டி என்ன பாடுபட்டாள் என்று மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

இந்த வருஷம் ஆறு கரையை முட்டிக்கொண்டு ஓடியது. கரைக்காவலுக்குத் தலைவர் லிங்சியாங்கின் கணவர் தெகுவாங். அவரும் ஒரே மகன் போவெனும் கரைக்குப் போய்ப் பத்து நாளாகிவிட்டது.

திங்கட்கிழமை தெகுவாங் மணல்மூட்டை வண்டியோடு இந்த வழியாகத்தான் போனார். வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. புதன்கிழமையும் அதே கதை. லிங்சியாங் பின்னாலேயே ஓடி, பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். மேல்முனைக் காவலில் இருக்கிறான் என்று குனிந்த தலை நிமிராமல் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அதற்குத்தான் ஒலிபெருக்கியில் இத்தனை புகழ்ச்சி.

"ஊருக்கு அவர் யூவா இருந்துட்டுப் போகட்டும் அக்கா," என்றாள் லிங்சியாங். "எனக்கு என் புருஷன் வீட்டுக்குள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டாப் போதும்."

வெள்ளிக்கிழமை காலையில் தண்ணீர் ஒரு முழம் இறங்கியது. ஊர் மூச்சுவிட்டது. லிங்சியாங் தாமரைக் கிழங்கும் பன்றி எலும்பும் போட்டு சூப் வைத்தாள். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் அது என்றால் உயிர்.

மத்தியானத் தூறலில் காலி வண்டி வரும் சத்தம் கேட்டது. அவள் தெரு நடுவே போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

தெகுவாங் நின்றார். முழங்கால்வரை சேறு, பத்து நாள் தாடி. பத்து வயது கூடிப்போனவராகத் தெரிந்தார். வண்டி தள்ளி வந்த ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போவென் அப்பா, சாப்பிட்டுப் போங்க."

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. இது மூன்றாவது தடவை, இந்த முறையும் உள்ளே போகமாட்டார் பாருங்கள் என்று யாரோ பெருமையாகச் சொன்னார்கள். சிலர் கைகூடத் தட்டினார்கள்.

லிங்சியாங் யாரையும் சட்டை செய்யவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டாள். வாசப்படிக்கு முன்னால் அவர் கால் நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் நகரவில்லை.

"தண்ணிதான் இறங்கிடுச்சே. ஊரும் பொழச்சிடுச்சு. இனிமேலும் என்ன வைராக்கியம்? உள்ள வாங்க."

"வர முடியாது, லிங்சியாங்."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

பத்து நாளில் முதல் தடவையாக அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"கிளம்புற அன்னிக்கு நீதானே சொன்னே, பையனைக் கையோட கூட்டிக்கிட்டு வராம இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாதுன்னு."