ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு

“இன்னும் எத்தினி நாளு நைனா? ஊட்ல உனக்குன்னு தனி ரூமே கட்டிட்டேன். சிம்ரன் டெய்லி கேக்குது, தாத்தா எப்ப வரும்னு.”

மகன் ஜெகதீஷ் மறுபடியும் ஆரம்பித்தான். வேம்புலி கரி மூட்டையின் வாயைச் சுருட்டிக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

அயனம்பாக்கம் ஏரியை ஒட்டி, விறகும் அடுப்புக்கரியும் விற்கும் தொட்டிக் கடை அவருடையது. ஒரு காலத்தில் கல்யாணச் சமையல்காரர்களும் பிரியாணிக் கடைக்காரர்களும் இங்கேதான் லோடு ஏற்றுவார்கள். ஒவ்வொருவராகக் கேஸுக்கு மாறிவிட்டார்கள். சவுக்குக் கட்டைகள் மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, அடுக்கியபடியே கிடந்தன.

“நான் வெள்ளானூருக்கு வந்துட்டா இத்த யாரு பாத்துக்குவாங்க?”

“பாத்துக்கறதுக்கு இன்னா கீது இங்க? போன மாசம் மயங்கி வுழுந்தியே, சாயங்காலம் வரைக்கும் யாருனா எட்டிப் பாத்தாங்களா? ஒரு ஆளு வராத கடை!”

“ஒரு ஆளு வரும்.”

“யாரு, இஸ்திரி போடற கன்னியம்மா அத்தையா? அது ஒண்ணுக்காகவா ஒண்டியா குந்திகினு கீற?”

“அது ஒண்ணுக்காகத்தான். நானும் மூடிட்டா அது கரிக்கு எங்கடா போவும்? புருசன் இல்லாத பொம்பள. இஸ்திரிப் பொட்டிய வெச்சித்தான் பொண்ணப் படிக்க வெக்குது. இப்பல்லாம் கை வலிக்குதுன்னு வேலையக்கூட கொறச்சிகிச்சி. ரெண்டு மூட்டை வாங்கினது, ஒரு மூட்டைதான் வாங்குது.”

தேவை என்று ஒருவர் வரும்போது கதவு திறந்திருக்க வேண்டும், அதுவும் ஒரு பூஜைதான் என்று நம்புகிறவர் வேம்புலி.

“உங்கம்மா போனப்போ நான் கடைய தொறக்கவே இல்ல. சோறு தண்ணி இல்லாம உள்ளயே படுத்துக் கெடந்தேன். கன்னியம்மாதான் வந்து தகரக் கதவத் தட்டிச்சு. ‘அண்ணாத்தே, பொட்டில நெருப்பு அணையுது, துணி மல மாதிரி கெடக்குது, எழுந்து வந்து கரி குடு’ன்னு ஒரே கத்தல். அன்னிக்கி எழுந்தவன்தான்.”

ஜெகதீஷ் சிரித்தான். “அதான் அதுக்கு மட்டும் ஸ்பெஷல் பேக்கிங்கா?”

மற்ற மூட்டைகளை வேம்புலி கோணி ஊசியால் தைத்துவிடுவார். கன்னியம்மாவின் மூட்டைக்கு மட்டும் கயிற்றில் ஒரு வளையம் விட்டுக் கட்டுவார். எப்போதோ நெருப்புக் கங்கு விழுந்ததில் அவளுடைய வலது கை விரல்கள் சரியாக மடங்காது. அந்த வளையத்தில் ஒரு விரலை மாட்டி இழுத்தால் போதும், முடிச்சு அவிழ்ந்துவிடும்.

“கிண்டல் பண்ணாதடா. வேற எப்பிடிக் கட்டினாலும் அதால தொறக்க முடியாது.”

“சரி, கொஞ்ச நாளா அதுவும் வரலியே?”

“ஆடிக் கிருத்திகைக்கு திருத்தணி போயிருக்குது, அக்கா ஊட்டுக்கு. ‘எனக்கு ஒரு மூட்டை எடுத்து வையி அண்ணாத்தே’ன்னு சொல்லிட்டுத்தான் போச்சு. வந்துடும்.”

அப்போது வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. கன்னியம்மாவின் மகள் அகல்யா இறங்கினாள்.

“வா கண்ணு. அம்மா வரல? இந்தா, மூட்ட ரெடியா கீது.”

“அம்மா இல்ல மாமா.”

“இன்னும் திருத்தணிலயா கீது?”

அகல்யா தலையை அசைத்தாள். “மலப் படி ஏறும்போதே நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போறதுக்குள்ள... அங்கயே எல்லாம் முடிச்சிட்டோம் மாமா. உங்களுக்கு போன் பண்ணணும்னு எடுப்பேன். எனக்கு வாயே வரல.”

வேம்புலி கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். “குந்து நைனா,” என்று ஜெகதீஷ் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தான்.

வேம்புலி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “முருகன் காலடில போயிருக்குது. புண்ணியவதி. நீ இன்னா பண்ணப் போற கண்ணு?”

“ஊட்ட காலி பண்ணிட்டு பெரியம்மாகூடப் போறேன் மாமா. ஊட்ல கரி கீது. உங்களாண்டயே குடுத்துட்டுப் போலாம்னு எடுத்துகினு வந்தேன்.”

“கடைசி மூட்டைல மிச்சம் கெடக்குதா? அத எதுக்கும்மா ஆட்டோ வெச்சிகினு? பொட்டியோட சேத்து யாருக்குனா குடுத்துடேன்.”

“கரிப் பொட்டி ஏது மாமா? போன தீபாவளிக்கே ஃப்ளாட்காரங்க கேஸ் இஸ்திரிப் பொட்டி வாங்கிக் குடுத்துட்டாங்களே.”

வேம்புலி விழித்தார். “அப்ப வாராவாரம் வந்து வாங்கிகினு போச்சே?”

“நானும் சண்ட போடுவேன் மாமா. ‘நானும் போவலன்னா அந்த மனுசன் யாருக்காவடி கடைய தொறப்பாரு? மறுபடியும் உள்ள போய்ப் படுத்துக்குவாரு’ன்னு சொல்லும்.”

ஜெகதீஷ் போய் ஆட்டோவின் தார்ப்பாயை விலக்கினான். உள்ளே அடுக்கடுக்காகக் கரி மூட்டைகள். ஒவ்வொன்றின் வாயிலும், ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிடும் அந்த வளையம், வேம்புலி கட்டிக் கொடுத்தபடியே இருந்தது.