பட்டன் டயர்

கல்லா மேஜை மேல் காத்தவராயன் விட்டெறிந்தது விரல் நுனி அளவு ரப்பர் துண்டுதான். அதைப் பார்த்ததுமே மனோகர் கையிலிருந்த ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"இது எந்த டயர்லருந்து பிஞ்சது, மனோகரு? நல்லா பாத்து சொல்லு. இந்த ஊர்ல பட்டன் டயர் விக்கிறவன் நீ ஒருத்தன் தான்."

ஆண்டர்சன்பேட்டையில் டயர் கடை வைத்திருக்கும் மனோகருக்கு நல்லா பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அது அவர் மகன் உதய் வண்டியின் பின் டயரில் பட்டன் பட்டனாய்ப் புடைத்திருக்கும் ரப்பரில் ஒன்று, பெயர்ந்து வந்திருந்தது. அந்த வண்டி இப்போதும் கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நின்றுகொண்டிருந்தது.

உதய்க்கு ட்ரையல்ஸ் பைத்தியம். காலைத் தரையில் ஊன்றாமல் பாறை மேல் பைக்கை ஏற்றுகிற விளையாட்டு அது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டி. அதில் தேறினால்தான் பெங்களூர் அணியில் இடம். பையன் பழகுவதற்கு இருந்த ஒரே இடம் பக்கத்திலிருக்கும் பாலகாட்டில், மூடிய தங்கச் சுரங்கத்தை ஒட்டிக் கல்லும் மண்ணுமாய்க் கொட்டிக் கிடக்கும் மேடு. அங்கே யாரும் ஏறக் கூடாது என்று காவல் இருப்பவர்தான் காத்தவராயன்.

ஒரு வருஷமாக இதே கூத்து. காத்தவராயன் தன் வண்டியில் துரத்துவார், பாதி மேட்டிலேயே சறுக்கி நிற்பார். உதய் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிப் போய்விடுவான். ஹெல்மெட்டுக்குள் இருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது என்பது மனோகரின் நம்பிக்கை. நேற்று சறுக்கியதோடு நிற்காமல் விழுந்தும் வைத்திருக்கிறார். முழங்காலில் பெரிய கட்டு.

"ஆள் மாட்னான்னா வண்டி நேரா ஸ்டேஷனுக்கு தான். அப்புறம் கோர்ட்டு, கேஸுன்னு அலையட்டும்" என்றார் காத்தவராயன்.

வாயை விடாமல் இருந்தால் தலை தப்பும் என்று மனோகர் கணக்குப் போட்டார். "எனுக்கு இன்னாண்ணா தெரியும்? எத்தினியோ பேர் வராங்க, போறாங்க."

"எந்தத் தறுதலையோ பெத்த தறுதலை. அப்பன் ஒழுங்கா வளத்திருந்தா இப்டி திருட்டுத்தனமா பூந்து ஆடுவானா?"

மனோகர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்கனவே துடைத்த ஸ்பானரை மறுபடியும் துடைத்தார்.

"டயராவது உருப்படியா? பாரு, பிச்சிகினு வந்துடுச்சி. குப்ப ரப்பரு. கிரிப்பும் இருக்காது, ஒரு மாசம் தாங்கவும் தாங்காது. இத வித்தவன் ஊர ஏமாத்தி பொழைக்கிறவன்."

பிள்ளையைச் சொன்னதைப் பொறுத்துக்கொண்ட மனுஷனுக்கு டயரைச் சொன்னது பொறுக்கவில்லை. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"குப்பையா? டயரப் பத்தி இன்னா தெரியும் உனுக்கு?" 'அண்ணா' போன இடம் தெரியவில்லை. மேலே தொங்கிய புது டயரை இழுத்து மேஜை மேல் போட்டார். "நகத்த வெச்சி அழுத்து. உள்ள போவுது இல்ல? இந்த சாஃப்ட்டு தான் கல்ல கவ்வும். ரோடு டயர் கெட்டி. ரொம்ப நாள் ஓடும், பாறையில வெச்சா வழுக்கிக்கினு போவும்."

"சாஃப்ட்டா இருந்தா சீக்கிரம் தேஞ்சிடுமே."

"அதுக்கு தான் ரொம்ப சாஃப்ட்டு எடுக்கக் கூடாது. இது மீடியம். ஓரத்து ரப்பரு தடி, கல்லு கிழிக்காது. பட்டன் ஒரு பக்கம் மழுங்கிச்சின்னா கழட்டித் திருப்பி மாட்டு, அந்தப் பக்கம் புதுசாட்டம் நிக்கும். காத்த மட்டும் பாதிக்கு மேல எறக்கிடணும். அப்புறம் செவுத்து மேல கூட ஏறும்."

"பசங்க எலும்பும் தோலுமா கீறானுங்க, ஏறும். எம்பது கிலோ ஆளு ஒக்காந்தா ஏறுமா?"

"நூறு கிலோ ஒக்காரட்டும். பதினெட்டு இஞ்சு வீல் எந்த வண்டியா இருந்தாலும் சரி, பல்லியாட்டம் போவும்."

"அப்ப இது ஏன் பிஞ்சது?"

"ஒரு வருஷம்யா. ஒரு வருஷமா எம் பையன் அந்தக் கல்லுல போட்டுத் தேய்க்கிறான், ஒரே ஒரு பட்டன் தான் பிஞ்சிருக்குது. இதப் போயி…"

மனோகர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பயன்? வெளியே போனது போனதுதான்.

காத்தவராயன் சிரித்தார். திட்டியபோதுகூட அவர் முகம் இவ்வளவு மோசமாக இல்லை.

"அண்ணா, ஞாயித்துக்கெழம வரைக்கும் மட்டும் பொறுத்துக்கோங்கண்ணா. பையனோட வாழ்க்க." 'அண்ணா' திரும்பி வந்துவிட்டது.

"உம் பையன்னு எனுக்கு எப்பவோ தெரியும். வூட்டாண்ட புடிச்சா கேஸு நிக்காது. மேட்டு உச்சியில, கையும் களவுமா புடிக்கணும். நாளைக்கு வருவான் இல்ல?"

காத்தவராயன் சட்டைப் பைக்குள் கையை விட்டார். ஸ்டேஷனுக்குப் போன் போடப் போகிறார் என்று நினைத்து மனோகர் அவர் கையைப் பிடிக்கப் போனார்.

பையிலிருந்து வந்தது ஒரு வண்டிச் சாவி. காத்தவராயன் அதைப் புது டயரின் மேல் வைத்தார்.

"என் வண்டியும் பதினெட்டு இஞ்சு தான். மாட்டு."